சிவராம் கரைசல்

காளிகாட், கொல்கத்தா – 26
12 ஜூன் 2023

சிரஞ்சீவி பட்டாபிக்கு,

ஜலஜா மன்னியின் ஆசீர்வாதம். நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போடுகிறது. உன் காதைப் பற்றி விசாரிப்பதற்கில்லை. கப்பல் பட்டறைச் சுத்தியல்களுக்கு அதை முப்பது வருடம் கொடுத்துவிட்டாய். சித்தப்பாவோடு ஃபோனில் பேச முடியவில்லையே என்று ஹம்சினிக்கு வருத்தம். எனக்கு இல்லை. ஃபோனில் யாரும் எதையும் சொல்லிவிடலாம். கடிதத்தில் சொன்னால் கையெழுத்துப் போட வேண்டும்.

நீ கேட்டதை இத்துடன் அனுப்புகிறேன். உன் அண்ணாவின் நோட்டிலிருந்து எடுத்த பிரதி. பார்த்தீனியம் தன் பக்கத்தில் வேறு எதையும் வளரவிடாது. அதன் இலையிலும் வேரிலும் அதற்கான சாறு இருக்கிறது. அந்தச் சாற்றை எடுத்து வயலில் தெளித்தால் மற்றக் களைகள் முளையிலேயே கருகும், கடையில் விற்கும் களைக்கொல்லி வேண்டாம் என்பதுதான் அவர் அலிப்பூர் விவசாய ஆராய்ச்சி ஆபீஸில் கடைசி ஆறு வருடம் செய்த வேலை. 1995-இல் ஆபீஸ் அதை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தது உனக்குத் தெரியும். அப்போது நீ எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

போன ஞாயிறு நியூ டவுனிலிருந்து ஹம்சினி வந்தாள். "அம்மா, ஏன் இவ்ளோ கஷ்டம்? எல்லா பேஜையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பிடறேன். பத்து நிமிஷம்தான்" என்றாள். நான் சம்மதிக்கவில்லை. அந்த நோட்டில் டீக்கறை இருக்கிறது, மை இருக்கிறது, ஓரமெல்லாம் பென்சில் இருக்கிறது. அதை அப்படியே ஊராருக்குக் காட்டுவது, அவரைக் குளிப்பாட்டாமல் சபைக்கு அனுப்புவது போல. கும்பகோணம் கான்வென்ட்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது: பென்சில் யோசிப்பதற்கு, மை முடிவுக்கு. ஆகவே மையில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு நாற்பத்தொரு பக்கம் சுத்தப் பிரதி எழுதியிருக்கிறேன். ஐந்து வாரம் ஆயிற்று. ஒரு அடித்தல் கிடையாது.

உன் நிலத்தில் பயன்பட்டால் அவர் பெயரைச் சொல். வேறொன்றும் வேண்டாம்.

வெயிலில் அலையாதே.

அன்புடன்,
ஜலஜா


வந்தவாசி அருகில்
3 ஜூலை 2023

மன்னிக்கு அநேக நமஸ்காரம்.

இங்கே நானும் என் இரண்டு மாடுகளும் சௌக்கியம். உங்கள் முழங்காலுக்கு நிலக்கடலை எண்ணெய் அனுப்புகிறேன். ஊரில் இதை மல்லாட்டை எண்ணெய் என்று சொன்னால்தான் கடைக்காரன் திரும்பியே பார்க்கிறான்.

சுத்தப் பிரதி வந்து சேர்ந்தது. தொடுவதற்கே பயமாக இருந்தது. கை கழுவிவிட்டு வந்து பிரித்தேன். இருபது வருடம் உங்கள் கையால் சாப்பிட்ட பழக்கம்.

எதற்காக இவ்வளவு அவசரப்படுத்தினேன் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஐந்து குடும்பம் சேர்ந்து இயற்கை விவசாயச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து இது மூன்றாவது வருடம். ஒரு துளி ரசாயனம் தெளித்தாலும் ஐந்து பேருக்கும் சான்றிதழ் கிடையாது. களை எடுக்க ஆள் கிடையாது. போன வருடம் சாரணையும் கோரையும் கடலையை மூடிவிட்டன. இந்த வருடமும் அப்படியானால் இரண்டு குடும்பங்கள் விலகிவிடும், மற்றவர்களுக்கும் அதோடு சரி.

பக்கத்து நிலம் செல்வராஜுடையது. நாற்பத்திரண்டு வயது. அவர் மனைவி அமலாதான் எங்கள் குழுவின் ரிஜிஸ்டரை எழுதுகிறாள்: எந்த நாளில் யார் நிலத்தில் என்ன போட்டது, என்ன தெளித்தது எல்லாம். செல்வராஜ் உங்கள் பிரதியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். நான் அவர் உதட்டைப் பார்த்தும் புரியவில்லை என்பதால் சிலேட்டில் எழுதினார்: "சார், பார்த்தீனியம் தொட்டாலே அரிக்குமே? அதையே காய்ச்சி முதுகுல சுமந்து அடிக்கறதா?"

நியாயமாகத்தான் படுகிறது. இதைப் பற்றி அண்ணா ஏதாவது எழுதியிருக்கிறாரா? பிரதியில் தேடினேன், இல்லை. உங்கள் பதில் வந்ததும் ஆரம்பிக்கிறோம்.

பட்டாபிராமன்


கொல்கத்தா
14 ஜூலை 2023

சிரஞ்சீவி பட்டாபிக்கு,

ஆசீர்வாதம். எண்ணெய் வந்தது. மூடி சரியாக இறுக்கப்படாததால் பாதி எண்ணெய் தபால்காரரின் பைக்குப் போய்விட்டது. உன் கடிதத்தையும் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தேதிக்கு மேலே ஊர் பெயரை முழுதாக எழுது.

செல்வராஜின் கேள்விக்கு என் பதில் இது. உன் அண்ணா எழுதாமல் விட்டது என்று ஒன்று கிடையாது. குப்பியின் மூடி எந்தக் கடையில் வாங்கியது என்பது வரை எழுதியிருக்கிறார். தோலுக்குக் கெடுதல் இருந்திருந்தால் அதை எழுதாமல் இருந்திருப்பாரா? பூக்கும் முன் இளம் இலையாக எடுக்க வேண்டும், காய்ச்ச வேண்டும், இரண்டு முறை வடிகட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாரே, அதெல்லாம் எதற்கு? அரிப்பது வழியோரத்துச் செடி. இது வடித்தெடுத்த கரைசல். இந்தப் பத்தியை நீ அவருக்குப் படித்துக் காட்டலாம்.

நோட்டின் கடைசி ஒன்பது பக்கங்களில் ஏதோ இருக்கிறது. முழுவதும் பென்சில். கண்புரை எடுத்த என் கண்ணுக்கு அது வெறும் சாம்பல் பூச்சு. அவர் கடைசிக் காலத்தில் அப்படித்தான் கிறுக்கிக்கொண்டிருந்தார். உனக்கு நினைவிருக்கும், கையெல்லாம் வெடித்து, நான் மல்துணி சுற்றிவிடுவேன். வெயில் ஒவ்வாமை என்று டாக்டர் சொன்னதாகச் சொல்வார். அந்த நிலையில் எழுதியதை அவரே மையில் எழுதத் தகுதியானதாக நினைக்கவில்லை. நான் ஏன் நினைக்க வேண்டும்?

தயங்காமல் ஆரம்பி. மழை இங்கே பிடித்துக்கொண்டது. சந்தில் தண்ணீர் நிற்கிறது. பால் பாக்கெட் படகாக வருகிறது.

அன்புடன்,
ஜலஜா


தெள்ளார் சாலை, வந்தவாசி அருகில், திருவண்ணாமலை மாவட்டம், தமிழ்நாடு, இந்தியா
20 ஆகஸ்ட் 2023

மன்னிக்கு நமஸ்காரம்.

ஊர் பெயர் போதுமா? பூமி, சூரிய மண்டலம் என்றும் சேர்க்கட்டுமா?

நலம். மிக நலம். ஜூலை 25 அன்று முதல் தெளிப்பு. நான் காய்ச்சினேன், செல்வராஜ் ஸ்பிரேயரைச் சுமந்தார். நான்காம் நாள் போய்ப் பார்த்தேன். மன்னி, வரிசைகளுக்கு நடுவே சாரணை முளைகள் எல்லாம் தீய்ந்து நூலாகக் கிடக்கின்றன. கடலைச் செடி தன் பாட்டுக்கு நிற்கிறது. செல்வராஜ் வரப்பில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "களைக்குக் களையே எமன்" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார். அமலா அதைப் பிடுங்கி, "ரிஜிஸ்டர்ல இதையா எழுதறது?" என்று அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

குழுவில் எல்லோரும் கேட்கிறார்கள். மேல்மருவத்தூர் பக்கத்திலிருந்து வேறு குழுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். சிறு புத்தகமாகப் போட்டு நவம்பரில் ஒரு விவசாயிகள் கூட்டத்தில் வெளியிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. ஐந்நூறு பிரதி. பெயர் என்ன தெரியுமா? நான் சொல்லவில்லை, அவர்களாகவே வைத்தது: சிவராம் கரைசல்.

அட்டையில் அண்ணாவின் படம் போட வேண்டும். ஒன்று அனுப்புங்கள்.

பட்டாபிராமன்


கொல்கத்தா
2 செப்டம்பர் 2023

சிரஞ்சீவி பட்டாபிக்கு,

ஆசீர்வாதம். உடம்பு சரியாகவே இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்த பிறகு மாடிப்படியை நிற்காமல் ஏறினேன்.

படம் அனுப்பியிருக்கிறேன். டை கட்டிய படம். மாலை போட்டதுபோல் அதைச் சுற்றிப் பூ வரையக் கூடாது. பெயர் டாக்டர் வெ. சிவராம் என்று போட வேண்டும். 'அமரர்' வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் படி எனக்கு வர வேண்டும். நான் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு எழுத்தும் அச்சாகக் கூடாது.

அவர் ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். ஆறு வருட வேலையைப் பற்றி ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்த டைரக்டர் என்னிடம் வந்து, "உங்கள் கணவர் மிக நேர்மையானவர்" என்றார். கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டு நேர்மை என்கிறாரே என்று நான் எழுந்து வந்துவிட்டேன். இருபத்தெட்டு வருடமாக அந்தச் சுவர்க் கடிகாரத்துக்கு நான் சாவி கொடுத்ததில்லை.

நேற்று கொடுத்தேன். ஓடுகிறது.

அன்புடன்,
ஜலஜா


வந்தவாசி அருகில், திருவண்ணாமலை மாவட்டம்
9 அக்டோபர் 2023

மன்னிக்கு நமஸ்காரம்.

சௌக்கியம்தானே? கொல்கத்தாவில் துர்கா பூஜைக்குப் பந்தல் கட்ட ஆரம்பித்திருப்பார்கள். எனக்கு இங்கே பூஜை நாளில் காது கேட்கவில்லை என்ற குறை அதிகமாகத் தெரிகிறது; அங்கே அது ஒரு வரமாக இருந்தது.

ஒரு விஷயம். செப்டம்பர் 28 அன்று இரண்டாவது தெளிப்பு முடிந்தது. களை நன்றாகவே அடங்கியது. ஆனால் செல்வராஜுக்கு இரண்டு நாளில் கண் இமை வீங்கிவிட்டது. கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் சிவந்து தடித்திருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு களிம்பு கொடுத்திருக்கிறார்கள். வெயிலில் நின்றால் எரிகிறது என்கிறார். அவர் தன்னையே கேலி செய்துகொள்கிறார், "எனக்குள்ள ஏதோ களை இருக்கு சார், அதான் கருகுது" என்று. அமலா சிரிக்கவில்லை. முதல் நாளே அவர் கேட்ட கேள்வியை அவள் எனக்கு மறுபடி எழுதிக் காட்டினாள்.

மன்னி, அந்தப் பென்சில் பக்கங்களை ஒரு முறை பார்த்துச் சொல்வீர்களா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். ஒன்றும் இருக்காது. இருந்தாலும் அச்சுக்குப் போகும் முன் தெரிந்துகொள்வது நல்லது. அச்சுப் படியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அடுத்த தெளிப்பு நவம்பர் முதல் வாரம். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

பட்டாபிராமன்


கொல்கத்தா
24 அக்டோபர் 2023

சிரஞ்சீவி பட்டாபிக்கு,

ஆசீர்வாதம். இன்று தசமி. நான்கு நாளாக ஒலிபெருக்கியில் தாரை தப்பட்டைதான். கீழ்வீட்டு போஸ் குடும்பம் சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்து கொடுத்து, "மாஷிமா, இந்த வருஷமாவது கீழே வந்து அம்மனைப் பாருங்கள்" என்று கூப்பிட்டார்கள். போனேன். பெண்கள் தேவிக்குக் குங்குமம் பூசி, ஒருவர் முகத்தில் ஒருவர் பூசிக்கொண்டார்கள். நான் தள்ளி நின்றேன். ஹம்சினி சிலை கரைக்க ஆற்றுக்குப் போயிருக்கிறாள். மழை இல்லை. காற்று நன்றாக இருக்கிறது. காய்கறி விலைதான் அதிகம்.

நீ கேட்ட பக்கங்களைப் பார்த்தேன். உனக்குப் பயன்படும்படி அவற்றில் ஒன்றும் இல்லை.

செல்வராஜ் கையுறை போட்டுக்கொள்ளட்டும். முகத்தைத் துணியால் மூடிக்கொள்ளட்டும். வெயில் தாழ்ந்தபின் தெளிப்பது நல்லது. தேங்காய் எண்ணெய் தடவலாம். சிலருக்கு உடல்வாகு அப்படி.

அச்சுப் படியைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் படத்தின் கீழே கோடு வேண்டாம்.

மேலே மை கொட்டியிருக்கிறது. வேறு தாள் எடுத்து எழுதவில்லை.

ஜலஜா


வந்தவாசி அருகில், திருவண்ணாமலை மாவட்டம்
20 நவம்பர் 2023

மன்னிக்கு நமஸ்காரம்.

நேற்று புத்தகம் வெளியாயிற்று. இரண்டு பிரதி அனுப்புகிறேன். நானூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். அண்ணாவின் படத்தைப் பெரிதாகப் போட்டு மேடையில் வைத்திருந்தோம். பூ வரையவில்லை. ஒரு பெரியவர் படத்தின் முன் கும்பிட்டுவிட்டுப் போனார். தடுக்க முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். நானூறு புத்தகம் போய்விட்டது. வாங்கியவர் பெயர், ஊர் எல்லாவற்றையும் அமலா வரிசையாக எழுதி வாங்கிக்கொண்டாள்.

கூட்டத்தில் செய்துகாட்ட வேண்டும் என்று கேட்டார்கள். செல்வராஜே ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டார். வேண்டாம் என்றேன். "மன்னியம்மாதான் பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டாங்களே" என்றார். நீங்கள் சொன்னபடி முகத்தில் துணி, கையுறை எல்லாம் போட்டுத்தான் இருந்தது. ஆனால் பாதியில் இறக்கி வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு இழுக்கிறது. ராத்திரி தூங்க முடியாமல் உட்கார்ந்தே இருக்கிறாராம். முகத்தோல் தடித்துப்போய் அவர் சாயலே மாறிவிட்டது.

எனக்கும் விரல் இடுக்குகளில் வெடிக்கிறது. எழுபத்தொரு வயதில் தோல் என்ன பட்டாகவா இருக்கும்?

ஆனாலும் மனதுக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது. 'பயன்படும்படி ஒன்றும் இல்லை' என்று எழுதியிருந்தீர்கள். பயன்படாதபடி ஏதாவது இருக்கிறதா? நீங்கள் எழுதுகிற விதம் எனக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன். இதைத் தொடரலாமா, நிறுத்தலாமா? இரண்டில் ஒரு வார்த்தை போதும். தந்தி மாதிரி எழுதினாலும் சரி.

பட்டாபிராமன்


வந்தவாசி அருகில்
18 டிசம்பர் 2023

மன்னிக்கு நமஸ்காரம்.

பென்சிலில் எழுதுவதற்கு மன்னிக்கவும். பேனா பிடித்தால் விரலில் வெடிப்புப் பிளந்துகொள்கிறது. தாளில் ரத்தம் பட்டால் அதையும் நீங்கள் வட்டமிட்டு அனுப்புவீர்கள்.

உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான்கு வாரமாகப் பதில் இல்லை. ஹம்சினிக்குச் செய்தி அனுப்பினேன். "அம்மா நல்லாத்தான் இருக்கா சித்தப்பா, சுவர்க் கடிகாரத்தைப் பாத்துண்டு உக்காந்திருக்கா" என்று பதில் போட்டாள்.

செல்வராஜ் போன திங்கட்கிழமை, பதினோராம் தேதி, போய்விட்டார். மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிற வழியில் வண்டியிலேயே. டாக்டர், "ஆஸ்துமா எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டார். ஒரு வருடமும் இல்லை, இரண்டு மாதம் என்று அமலா சொன்னாள்.

அவள் அழுது நான் பார்க்கவில்லை. ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

என் கண் இமையும் வீங்கிக்கொண்டு வருகிறது. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

பட்டாபி


கொல்கத்தா
27 டிசம்பர் 2023

சிரஞ்சீவி பட்டாபிக்கு,

உன் கடிதம் இன்று காலை பதினொரு மணிக்கு வந்தது. பென்சிலைப் பார்த்ததும் முதல் வரியைப் படிக்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆசீர்வாதம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, அதனால் எழுதவில்லை.

கரைசலை நிறுத்து. இன்றே நிறுத்து. மிச்சம் இருப்பதை யாரும் தொடாத குழியில் கொட்டி மூடு. அந்தச் செடி இருக்கும் பக்கம் நீ போகாதே. உடனே தோல் டாக்டரிடம் போ, பார்த்தீனியம் என்று சொல்.

நோட்டின் கடைசி ஒன்பது பக்கங்களில் உள்ளது இது. எல்லாம் 1995.

"3 மார்ச். விரல் இடுக்கில் வெடிப்பு. பேனாவை அழுத்தினால் ரத்தம் வருகிறது. இனிமேல் பென்சில்."

"19 மார்ச். காய்ச்சினாலும் போகவில்லை, வடிகட்டினாலும் போகவில்லை. களையைக் கருக்குவதும் தோலை எரிப்பதும் ஒரே பொருள். பிரிக்க வழியில்லை."

"6 ஏப்ரல். நிதாய் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில். தெளித்தவன் அவன். தெளிக்கச் சொன்னவன் நான்."

நிதாய் அவருடைய ஆபீஸ் உதவியாளன். மீன் வாங்காத வீடு என்று கேலி செய்துகொண்டே ஞாயிறுதோறும் நம் வீட்டுக்குக் கீரை கொண்டுவருவான். திடீரென்று வராமல் போனபோது திமிர் என்று நான் சொன்னேன்.

"22 ஏப்ரல். கட்டுரையை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். இன்னொரு வருடம் பார்க்கலாமே என்றார் டைரக்டர். முடியாது என்றேன். இது யார் கையிலும் கொடுக்கக்கூடாத முறை."

"23 ஏப்ரல். ஆபீஸ் வேண்டாம் என்றுவிட்டது என்று ஜலஜாவிடம் சொன்னேன். நான் தோற்றேன் என்பதைவிட என்னைத் தோற்கடித்தார்கள் என்பது அவளுக்குத் தாங்கும். துணி சுற்றிவிட்டாள். செடியா என்று கேட்டாள். வெயில் என்றேன்."

மற்றப் பக்கங்களில் நிதாயின் உடல்நிலை பற்றித் தேதிவாரியாக இருக்கிறது. அவற்றையும் இணைத்திருக்கிறேன். இந்த முறை ஒன்றையும் விடவில்லை. நோட்டை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவர் கையெழுத்தில் எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான். ஆகவே படி எடுத்து அனுப்புகிறேன்.

இனி என்னைப் பற்றி. ஜூனில் நான் இவற்றைப் படிக்கவில்லை. அது என் பழக்கம். அதைத் தவறு என்று சொல்லலாம். அடுத்தது அப்படியல்ல. ஜன்னலோரத்தில் பூதக்கண்ணாடி வைத்து இவற்றை நான் படித்தது அக்டோபர் 21, சனிக்கிழமை. உனக்குக் கடிதம் எழுதியது அக்டோபர் 24, செவ்வாய்க்கிழமை. இரண்டு தேதியும் சரி. நடுவில் மூன்று நாள் இருந்தது. மேஜைமேல் அச்சுப் படி இருந்தது. அதில் அவர் பெயர் இருந்தது.

புத்தகம் வெளியான பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வெளியான பிறகு எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். நான்கு வாரம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அமலாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்.

ஜலஜா


தெள்ளார் சாலை, வந்தவாசி அருகில், திருவண்ணாமலை மாவட்டம்
8 ஜனவரி 2024

ஜலஜா அம்மாவுக்கு வணக்கம்.

நான் அமலா, செல்வராஜ் மனைவி. பட்டாபி சார் வேலூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஊசி போட்டு உடம்பு கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருக்கிறது. காதும் கேட்காது, கண்ணும் தெரியாது என்பதால் உள்ளங்கையில் எழுதித்தான் பேசுகிறோம். கையும் புண்ணாக இருக்கிறது, அதனால் மெதுவாக எழுதுகிறோம்.

உங்கள் கடிதம் சாருக்கு வந்தது. அவரால் படிக்க முடியாது என்பதால் நான்தான் பிரித்துப் படித்தேன். என்னிடம் என்ன சொல்வது என்று சார் யோசிக்க வேண்டியதில்லை.

ஜூலையில் என் வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு நீங்கள் எழுதிய பதிலை சார் எங்களுக்குப் படித்துக் காட்டினார். 'எழுதாமல் விட்டது என்று ஒன்று கிடையாது' என்று. அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "படிச்சவங்க கையெழுத்துப் போட்டு எழுதிட்டாங்க அமலா, இதுக்கு மேல என்ன?" என்றார்.

நீங்கள் தேதிகள் எழுதியிருக்கிறீர்கள். என் ரிஜிஸ்டரிலும் தேதிகள் இருக்கின்றன. உங்கள் அக்டோபர் 24 கடிதம் இங்கே வந்தது அக்டோபர் 30. மூன்றாவது தெளிப்பு நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. கூட்டத்தில் செய்துகாட்டியது நவம்பர் 19. இரண்டுக்கும் நேராக 'தெளித்தவர்: செல்வராஜ்' என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு வரியும் இல்லாமல் இருந்திருக்கலாம்.

புத்தகம் வாங்கிய நானூறு பேரின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. தை பிறந்ததும் ஊர் ஊராகப் போகப் போகிறேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காதவர்களிடம் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு வருவேன். அய்யா எழுதியதை மட்டும்தான் எழுதுவேன். களையைக் கருக்குவதும் தோலை எரிப்பதும் ஒரே பொருள் என்று அவர் எழுதியதை, அவர் பெயரோடு. உங்கள் பெயரை எழுத மாட்டேன். அது என் மனசில் இருக்கட்டும்.

ஆனால் போகிற இடத்தில் யாராவது கேட்பார்கள், இதற்கு என்ன ஆதாரம் என்று. நீங்கள் எடுத்து அனுப்பிய படி அழகாக இருக்கிறது. ஒரு அடித்தல் இல்லை. அதைக் காட்டி இன்னொரு முறை யாரையும் நம்பச் சொல்ல என்னால் முடியாது.

நோட்டை அனுப்புங்கள் அம்மா. டீக்கறையோடு, பென்சிலோடு, எப்படி இருக்கிறதோ அப்படியே.

சாரின் கண் திறந்ததும் உங்கள் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிடுவேன். அதுவரை நான் எதுவும் சொல்லப்போவதில்லை. மன்னி எழுதினார்களா என்று தினமும் கேட்கிறார். வந்திருக்கிறது, நலமாக இருக்கிறார்கள் என்று உள்ளங்கையில் எழுதினேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமலா செல்வராஜ்